கோஸ்டா ரிக்காவுக்கு ஒரே ஒரு டிக்கெட்

நான் கோஸ்டா ரிக்காவுக்குத் தனியாகப் போவது என்று தீர்மானித்தேன். இந்த வாக்கியத்தில் முக்கியமான சொல் கோஸ்டா ரிக்கா அல்ல. தனியாக.

அந்த நாடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்த்துக் கட்டியிருக்கும் ஒல்லியான இடுப்பில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு கடல். அந்தப் பக்கம் ஒரு கடல். நடுவில் எரிமலை, மழைக்காடு, காப்பித் தோட்டம். இராஜபாளையத்திலிருந்து போய்ச் சேர மூன்று விமானம் மாற வேண்டும். மூன்றிலும் என் பக்கத்து இருக்கையில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறம் நடத்திய மனிதன் இதைவிடக் குறைவாக ஆசைப்பட முடியாது.

என் பெயர் கண்ணுச்சாமி. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். வயது அறுபத்தேழு. கரிசல் காட்டில் பஞ்செடுக்கும் பெண்கள் பாடும் பாட்டுகளைச் சேகரிப்பது என் வேலை. ஒரே பாட்டு ஊருக்கு ஊர், வாய்க்கு வாய் எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன். ஒரு பாட்டுக்கு மட்டும் நாற்பத்து மூன்று வடிவங்கள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் பாடியவர் எண், ஊர், வயது, பாடிய நாள். இதைப் பற்றி நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று எப்படியோ சான் ஹோசே நகரம் வரை போய்விட்டது. அங்கே காப்பிப் பழம் பறிப்பவர்களின் பாட்டுகளைச் சேகரிக்கும் ஒரு குழுவினர் அதைப் படித்திருக்கிறார்கள். சனவரியில், காப்பி அறுவடைக் காலத்தில், உலகெங்கும் அறுவடைக்காரர்கள் பாடும் பாட்டுகளைப் பற்றி ஒரு கூட்டம். போகவர விமானம், அறை, சாப்பாடு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒருவருக்கு மட்டும்.

ஒருவருக்கு மட்டும் என்று படித்ததும் அந்த நாட்டின் மீது எனக்கு உடனடியாக மரியாதை பிறந்தது.

ஏன் தனியாக என்று கேட்பீர்கள். தஞ்சாவூர்க் கருத்தரங்கைச் சொல்கிறேன். எண்பது அறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடையில் நின்று பாட்டின் இரண்டாவது அடியைச் சொன்னேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "அது அப்பிடி இல்லைங்க. மாத்திச் சொல்றிய." என் மனைவி பாண்டிசெல்வி. தலைவர் சிரித்தார். எண்பது பேரும் சிரித்தார்கள். மைக் பிடித்திருந்த பையன்கூடச் சிரித்தான். அது நடந்து பதினொரு ஆண்டு ஆகிறது. இன்னும் என் கோபம் ஆறவில்லை. ஆறவிடும் எண்ணமும் இல்லை.

ஆகவே திட்டம் போட்டேன். கோஸ்டா ரிக்கா என்ற பெயர் வீட்டுக்குள் வரவே கூடாது. கடிதத்தை அட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். பதிலை நானே ஆங்கிலத்தில் கையால் எழுதி, பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப வேலையும் நடத்தும் ஜாஸ்மினிடம் கொடுத்துத் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னேன். ஜாஸ்மின் நாற்பது வயதுப் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். பொறுப்பானவள். "வெளியே தெரிய வேண்டாம்" என்றேன். "நமக்கெதுக்கு சார்" என்றாள். இந்த இரண்டு சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் என்ன பொருள் என்பதை நாற்பது ஆண்டு களப்பணி செய்த நான் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டில் வேறு ஊர் சொன்னேன்.

"சனவரியில் மைசூருக்குப் போக வேண்டியிருக்கிறது. ஓலைச்சுவடி பார்க்க. பன்னிரண்டு நாள்."

"சனவரிக்கா? இப்பப் புரட்டாசிதான நடக்கு."

"முன்கூட்டியே சொல்வது நல்லதில்லையா?"

"திருச்செந்தூருக்குப் போறதையே பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு போன்லதான் சொல்லுவிய. மைசூருக்கு மூணு மாசத்துக்கு முந்தியேவா?"

"ஒழுங்கு பழகிக்கொண்டிருக்கிறேன்."

"நல்லது. அங்கன குளிரும். ஸ்வெட்டர எடுத்து வெயில்ல போட்டு வைக்கேன்."

அவள் நம்பிவிட்டாள். அன்று மாலை நான் இரண்டு காப்பி குடித்தேன்.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நிலப் பத்திரம் ஒன்றின் நகல் வாங்கப் போயிருந்தேன். போன இடத்தில் பால்கோவா வாங்காமல் திரும்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கடைக்காரர் சமுத்திரம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இருபது ஆண்டாக அவர் எனக்காக எழுந்ததில்லை.

"வாங்க அண்ணாச்சி. காலு எப்பிடி இருக்கு?"

"எந்தக் கால்?"

"எந்தக் கால மாத்துறாவளோ அந்தக் காலு."

"என் காலை யார் மாத்துறா?"

"நம்மகிட்ட எதுக்கு மறைக்கிய? மூட்டு தேஞ்சு போச்சாம்ல. கோஸ்டா ரிக்காவுல ஆபரேசனாம்ல. மதினியும் வாராவளாம்ல. அவிய கூட இருக்கையில ஒங்களுக்கு என்ன கவலை?"

கோஸ்டா ரிக்கா. பால்கோவாக் கடையில். எனக்குக் காது சூடானது.

"யார் சொன்னா ஒமக்கு?"

"பால் ஊத்த வாரவரு சொன்னாரு."

"அவருக்கு யார் சொன்னா?"

"அண்ணாச்சி, பாலு எந்த மாட்டுல கறந்ததுன்னே நான் கேக்கிறதில்ல. பேச்சு எங்க கறந்ததுன்னா கேப்பேன்?"

அரைக் கிலோ கட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நோயாளியிடம் வாங்கக் கூடாதாம். பேருந்தில் ஓர் இளைஞன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். அவனுக்கும் தெரிந்திருக்குமோ என்று அவனையும் முறைத்தேன்.

ஒரு புரளி என்றால் விட்டிருப்பேன். ஆனால் மறுநாள் மாலை என் வீட்டுக்கு எதிரிலேயே இரண்டாவது வடிவம் நின்றுகொண்டிருந்தது. வேல்சாமி. பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசர். நிற்பது இன்னும் அணிவகுப்பில் நிற்பது போலத்தான்.

"அண்ணாச்சி, அந்த நாட்டுல பட்டாளமே கெடையாதாமே?"

"எந்த நாட்டுல?" என்றேன், தெரியாதது போல.

"கோஸ்டா ரிக்காவுல."

இனி மறைத்துப் பயனில்லை. "ஆமா. எழுபது வருசத்துக்கு முந்தியே கலைச்சிட்டாங்க."

"கலைச்சிட்டு?"

"அந்தப் பணத்துல பள்ளிக்கூடம் நடத்துறாங்க."

"எல்லையில யாரு நிக்கா?"

"பட்டாளம் நிக்கலை."

"பட்டாளம் நிக்காத எல்லைய வச்சிக்கிட்டு ஒரு நாடா! சரி, சண்டையே இல்லைன்னா பேண்டேஜ் துணிய யாருட்ட விக்கப் போறிய? அடிபட ஆளு வேணும்லா?"

"நான் ஏன் பேண்டேஜ் துணி விக்கணும்?"

"நீங்க விக்கல. மதினி விக்காவ. சாம்பிள் எடுத்துக்கிட்டு ஆர்டர் பிடிக்கப் போறாவன்னு எங்க யூனிட்டு முழுக்கப் பேச்சு. நீங்க பெட்டி தூக்குறதுக்குக் கூடப் போறியளாம்."

பெட்டி தூக்க. நாற்பத்து மூன்று வடிவம் சேகரித்தவன். பெட்டி தூக்க.

அந்த நிமிடம் என் கோபம் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டது. நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மேலே "கோ. ரி. புரளி" என்று எழுதினேன். வடிவம் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர்: நோக்கம் அறுவைச் சிகிச்சை, கணவன் நோயாளி, மனைவி துணை. வடிவம் இரண்டு, இராஜபாளையம்: நோக்கம் வியாபாரம், கணவன் சுமைதூக்கி, மனைவி முதலாளி. கேட்ட நாள், கேட்ட இடம், சொன்னவர், சொன்னவருக்குச் சொன்னவர். பாட்டை எப்படித் துரத்திக்கொண்டு போவேனோ அப்படியே இதையும் துரத்தி, முதன்முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, அந்த வாயை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை முழுவதும் பால்காரரைத் தேடினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏழு தெரு. கடைசியில் கோர்ட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஒங்க தெருப் பக்கமா வரும்போது ஒரு பொம்பளையாள் சொன்னாவ" என்றார். எந்தப் பெண்? "பாலு வாங்குற பொம்பளையாளு." வியாழக்கிழமை பேண்டேஜ் யூனிட்டில் விசாரித்தேன். அங்கே இருபது பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதையும் எழுத முடியவில்லை. வெள்ளிக்கிழமை முடி வெட்டப் போன இடத்தில் மூன்றாவது வடிவம் ஒன்று இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. அதை வைத்திருப்பவள் என் மனைவியின் சின்னம்மா மகள் ஆவுடையம்மாளாம். கண்ணால் பார்த்தால்தான் நம்புவது என் முறை. அன்று மாலை வரை அவளைத் தேடிச் சுற்றினேன். சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போவாள் என்றார்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலைப் பெருமாளுக்குப் போகும் கூட்டத்தில் நானும் இடிபட்டுப் போனேன். படியில் பாதி ஏறியபோது, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாளைப் பிடித்தேன். சாமி கும்பிட வந்தவளிடம் நான் நோட்டை விரித்தேன்.

"அத்தான்! நீங்களும் மலைக்கு வந்தியளா? அக்கா போறதுக்கு வேண்டிக்கிடவா?"

"அக்கா எங்க போறா?"

"கோஸ்டா ரிக்காவுக்கு. நேர்ச்சைக்கு. எரிமலைக்குப் பக்கத்துல அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேர்ந்திருக்காளாம்ல."

"எரிமலைக்கு எதுக்கு ஆவுடை அக்கினிச்சட்டி?"

"அங்கனதான அத்தான் நெருப்புக்குப் பஞ்சமில்ல."

எழுதிக்கொண்டேன். "சரி. இதுல நான் எங்க வாரேன்?"

"எதுல?"

"இந்தக் கதையில. நான் கூடப் போறேனா?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்க எதுக்கு அத்தான்? நேர்ந்தது அவதான? ஆமா, பன்னெண்டு நாளும் ஒங்க சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?"

பெருமாளைப் பார்க்காமலேயே இறங்கிவிட்டேன். பேருந்து நிலையத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பது ஆண்டு வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: ஒரு கதையின் எல்லா வடிவங்களிலும் மாறாமல் நிற்பது எதுவோ அதுவே மூலம். மாறுவதெல்லாம் பின்னால் சேர்ந்தது. இங்கே நோக்கம் மாறுகிறது. சிகிச்சை, வியாபாரம், நேர்ச்சை. கணவனும் மாறுகிறான். முதலில் நோயாளி. பிறகு சுமைதூக்கி. பிறகு ஆளே இல்லை. மாறாதது ஒன்றுதான். மனைவி போகிறாள்.

என் விதி எனக்குத் தெளிவாகவே தீர்ப்புச் சொன்னது. இந்தப் பயணத்தில் கணவன் இடைச்செருகல்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சான் ஹோசேயிலிருந்து வந்த கடிதத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. அதை நான் இதுவரை குறிப்பிடவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அதில், 'ஆய்வாளருக்குப் பதிலாக, பஞ்செடுத்துப் பாடியவர் ஒருவரே நேரில் வர முடிந்தால் அளவில்லாமல் மகிழ்வோம். கட்டுரையிலுள்ள முப்பத்தொன்றாம் எண் பாடகி வருவாரா? ஆய்வாளரின் எழுத்துமூலமான ஒப்புதல் போதும்' என்று கேட்டிருந்தார்கள். அந்த முப்பத்தொன்றாம் எண், கல்யாணத்துக்கு முன் ஆறு பருவம் காட்டில் பஞ்செடுத்த பாண்டிசெல்வி. நான் எழுதிய பதிலில் அந்தப் பாடகிக்குத் தள்ளாத வயது, காதும் கேட்காது, பயணம் இயலாது என்று விளக்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் சுளகில் துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நோட்டுடன் எதிரில் போய் நின்றேன். மேடையில் பேசும் தமிழைத் தயாராக வைத்திருந்தேன்.

"பாண்டிசெல்வி! இந்த ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் என் பயணத்தைப் பற்றி ஒரு புரளி உலவுகிறது. மூன்று வடிவங்களில் உலவுகிறது."

"மூணுதானா?" என்றாள், தலை நிமிராமல். "நான் நாலு சொன்னேனே. டெய்லரு வாயத் தொறக்கலையா? நல்ல மனுசன்."

மேடைத் தமிழ் அங்கேயே இறங்கிப் போய்விட்டது.

"நீதானா? நீதான் கெளப்பிவிட்டியா?"

"பொறவு யாரு? ஒங்க மூட்டப் பத்தி வேற எவளுக்குக் கவலை?"

"எதுக்குட்டி ஆளுக்கு ஒண்ணு சொன்ன?"

"எல்லாருட்டயும் ஒரே மாதிரிச் சொன்னா, எவளோ வம்பு பேசுதான்னு சொல்லிட்டுப் பேப்பர் படிக்க உக்காந்துருவிய. மாத்தி மாத்திச் சொன்னாத்தான நோட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புவிய. ஒரு வாரம் வீட்ல தங்குனியளா?"

"என்னை வீட்ட விட்டு வெரட்டவா?"

"வேல கெடந்துச்சு. நீங்க இருந்தா ஓடுமா? புதன்கெழம நீங்க பால்காரரத் தேடி அலைஞ்சிய. நான் மதுரைக்குப் போயி பாஸ்போர்ட்டுக்கு வெரல் வச்சிட்டு, போட்டா எடுத்துட்டு, சாயங்காலம் வந்து ஒங்களுக்கு இட்லி அவிச்சேன். எம்புட்டு இட்லி தின்னியன்னு ஞாவகம் இருக்கா? எட்டு. அம்புட்டு அலைச்சல்."

"பாஸ்போர்ட்டா!"

"வெள்ளிக்கெழம போலீஸ்காரரு விசாரிக்க வந்தாரு. வீட்டுக்காரரு எங்கன்னு கேட்டாரு. ஒரு பொரளிய விசாரிக்கப் போயிருக்காவன்னு சொன்னேன். அப்பிடியா, எந்த ஸ்டேசன்ல வேல பாக்காருன்னு கேட்டாரு."

சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பருப்பைக் களைந்தாள். பின்னாலேயே போனேன். என் வீட்டுச் சமையலறையில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"ஜாஸ்மின்! அவ வேலதான இது! வெளிய தெரிய வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!"

"அவள ஏசாதிய. எங்க மகளிர் குழுவுல அவதான் செயலாளரு. வெளிய ஒண்ணும் சொல்லல. எங்கிட்டத்தான் சொன்னா. நான் என்ன வெளியாளா? நேத்து அவ கடையில வச்சு அந்த ஊரு அம்மாகூடப் போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசுனேன்."

"பேசினியா? என்ன பாஷையில?"

"ஜாஸ்மின் இங்கிலீசுல சொன்னா. நான் பாடுனேன். அந்தம்மாவும் பதிலுக்கு ஒண்ணு பாடுச்சு. காப்பிப் பழம் பறிக்கையில பாடுறதாம். நம்ம பாட்டு மாதிரிதான். மொதலாளிய ஏசுறது." குக்கரில் பருப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். "அந்தம்மாவுக்கு ஒரே சந்தேகம். காது கேக்காத கெழவி எப்பிடி இம்புட்டுச் சட்டுனு பதில் சொல்லுதான்னு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தள்ளாத வயசா?"

"அது ஒரு... நடைமுறைச் சொல்."

"எனக்குக் காது கேக்காதா?"

"கடிதம்னா சுருக்கமா எழுத வேண்டியிருக்கும்."

"முப்பத்தெட்டு வருசமா ஒங்க கத்தலக் கேட்டதுக்கு, காது போயிருந்தாலும் நியாயந்தான். போகலையே." அலமாரியிலிருந்து அந்தப் பாட்டுகளைப் பற்றிய என் புத்தகத்தை எடுத்தாள். தேடவில்லை. ஒரு சீட்டு வைத்திருந்த பக்கம் தானாகத் திறந்தது. "இதையும் நானே படிக்கேன். 'எண் முப்பத்தொன்று. பஞ்செடுக்கும் பெண். எழுதப் படிக்கத் தெரியாதவர்.' பத்தாங் கிளாஸ்ல நான் எம்புட்டு மார்க்கு?"

எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணப் பேச்சின்போது என் மாமனார் மூன்று முறை சொன்னது.

"சொல்லுங்க."

"நானூத்திப் பன்னெண்டு."

"எழுதப் படிக்கத் தெரியாமலா நானூத்திப் பன்னெண்டு? எம் பேரு எங்க இதுல?"

"ஆய்வு முறையில எண்தான் போடணும்."

"முப்பத்தொண்ணு. டவுன் பஸ் மாதிரி." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "எனக்கு அறுபத்தொரு வயசாகையில ஒரு மனுசி என்னய வாங்கன்னு கூப்பிட்டா. ஒலகத்துல அந்த ஒருத்திதான் அந்தப் பாட்டப் பாடுனவ யாருன்னு கேட்டுருக்கா. அதுக்கு நீங்க என்னயச் செவிடாக்கி வச்சிருக்கிய."

குக்கர் மூடியைத் திருகினாள். பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அது என் வாழ்நாள் பழக்கம். வந்தது.

"பாட்டுன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு? அதோட அமைப்பு தெரியுமா? வடிவ வேறுபாடு தெரியுமா? அங்க நாலு நாட்டு அறிஞர்கள் கேள்வி கேப்பாங்க. நீ என்ன பதில் சொல்லுவ?"

"அந்தம்மா நேத்தே ஒரு கேள்வி கேட்டுச்சு. குனிஞ்சு பஞ்செடுக்கையில பாட்டுல மூச்சு எந்த எடத்துல விடுவிய, எந்த எடத்துல பிடிப்பியன்னு. நீங்க சொல்லுங்க, பாப்போம்."

"முதலடி முடிவுல. அங்க நான் காற்புள்ளி போட்டிருக்கேன்."

"காப்புள்ளியிலயா மூச்சு விடுவாவ?" முதன்முறையாகச் சிரித்தாள். "செடியிலருந்து கை வெளிய வந்து மடியில போடும்லா, அப்பத்தான் விட முடியும். அது அடி நடுவுல வரும். நாப்பது வருசம் வரப்புல நாற்காலி போட்டு ஒக்காந்து எழுதுனியளே, ஒரு நா எறங்கி ஒரு காய் எடுத்துப் பாத்தியளா?"

தஞ்சாவூரில் எண்பது பேர் சிரித்தார்கள். இது அதைவிட மோசம். இங்கே அவள் ஒருத்தி சிரித்தாள். அவள் சொன்னது சரி என்று நானும் நினைத்தேன். என் தலைக்குள் ஏதோ அறுந்தது. நோட்டைத் தூக்கி எறிந்தேன். அது கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவள் அதை எடுத்துத் தள்ளி வைத்தாள். அந்த நிதானம் என்னை இன்னும் கொளுத்தியது.

"அப்ப நீயே போ! நீயே போயிப் பாடு! நீயே மூச்சு விடு! எவனுக்கு வேணும் ஒங் கோஸ்டா ரிக்கா! நான் வரலை. போகலை. எனக்கு வேண்டாம். எடுத்துக்கோ!"

எதிர்வீட்டு வேல்சாமி சன்னலைத் திறந்தது கேட்டது.

"நெசமாவா சொல்றிய?"

"நெசமாத்தான் சொல்லுதேன்!"

"வாயால சொன்னா அவிய ஒத்துக்கிட மாட்டாவளாம். எழுத்துல வேணுமாம்."

"எழுத்துலயே தாரேன்! கொண்டா!"

கொண்டு வந்தாள். அரிசி டப்பாவுக்கு மேல் தயாராக இருந்தது. ஜாஸ்மின் கடையில் அடித்த கடிதம். மொத்தம் நான்கு வரி: முப்பத்தொன்றாம் எண் பாடகியான திருமதி பாண்டிசெல்வி நல்ல காதுடனும் நல்ல உடம்புடனும் இருக்கிறார், எனக்குப் பதிலாக அவரே வருவதற்கு முழு மனத்துடன் இசைகிறேன்.

என் கணக்கு என்னவென்றால், நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்ததுமே அவள் பயந்துவிடுவாள். 'வேண்டாங்க, கோவத்துல செய்யாதிய' என்று கையைப் பிடிப்பாள். நான் விலக்குவேன். அவள் அழுவாள். பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பேனாவை எடுத்தேன். அவள் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

கடிதத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. கோபத்திலும் பிழையோடு கையெழுத்துப் போட என்னால் முடியாது. ஒரு சொல்லைத் திருத்தினேன். விட்டுப்போன ஒரு முற்றுப்புள்ளியை வைத்தேன். இனி உலகத்தில் எந்த அலுவலகமும் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. பிறகு, தாள் கிழிய, கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தேதி?" என்றாள்.

தேதியும் போட்டேன்.

அவள் கடிதத்தை மின்விசிறிக்கு நேராகப் பிடித்து மை காயவிட்டாள். இரண்டாக மடித்தாள். பைக்குள் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வருசத்துல நல்லபடியாக் கேட்டு ஒங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்க முடிஞ்சிருக்கா? கோவம் வந்தாத்தான போடுவிய. ஜாஸ்மின் கடைய அடைக்கிறதுக்குள்ள குடுத்துட்டு வாரேன். மூணு விசில் வந்ததும் அடுப்ப அமத்திருங்க. நாலாவது வந்தாப் பருப்பு கொழஞ்சிரும்."

முதல் விசில் வந்தது. ஒன்று என்று எண்ணினேன்.